டெத் கஃபே: காபி, கேக், அப்புறம் சாவு

"டெத் கஃபே" என்ற பெயரைக் கேட்டதும் ஆளுக்கொரு கற்பனை ஓடுகிறது. கருணைக்கொலைக்கு ஆதரவு திரட்டும் கூட்டம் என்கிறார் ஒருவர். ஆவியோடு பேசுகிற கும்பல் என்கிறார் இன்னொருவர். மண்டை ஓடு மாட்டிய கறுப்புச் சுவர், இருட்டு விளக்கு, இரண்டு மடங்கு விலையில் காபி என்று புதுவகை ஓட்டலை நினைத்துக்கொள்பவர்களும் உண்டு. "சாவைப் பற்றிப் பேச ஒரு கூட்டமா, வேற வேலை இல்லையா?" என்பது நான்காவது வகை. நியாயமான கேள்விதான். பதில் சொல்ல கொஞ்சம் அடியிலிருந்து தொடங்க வேண்டும்.

பெயர் எதைக் குறிக்கிறது?

டெத் கஃபே ஒரு நிகழ்ச்சி. நிரந்தரமாக ஒரு கடை கிடையாது. ஒருவர் ஒரு இடமும் நேரமும் அறிவிப்பார். நூலகம், வாடகை அறை, உண்மையான காபிக்கடையின் ஒரு மூலை, சில சமயம் கல்லறைத் தோட்டத்தின் அலுவலகம் என்று எங்கே வேண்டுமானாலும் நடக்கும். முன்பின் தெரியாத ஒரு சிறு கூட்டம் வரும். ஏதாவது குடித்துக்கொண்டே, கேக் சாப்பிட்டுக்கொண்டே சாவைப் பற்றிப் பேசுவார்கள். ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் எழுந்து போய்விடுவார்கள். அவ்வளவுதான்.

இதே சாயலில் வேறு சில விஷயங்கள் செய்திகளில் வருவதால் குழப்பம் கூடுகிறது. பாங்காக்கில் 2018-இல் திறந்த ஒரு கடையில் சவப்பெட்டிக்குள் சில நிமிடம் படுத்து எழுந்தால் பானத்துக்குத் தள்ளுபடி. அகமதாபாத்தின் லால் தர்வாசா பகுதியில் பழைய கல்லறைகளுக்கு நடுவே மேசை போட்டு, பல பத்தாண்டுகளாக டீயும் பன் மஸ்காவும் விற்கிற உணவகம் ஒன்று இருக்கிறது. தென் கொரியாவில் உயிரோடு இருப்பவர்களுக்கே இறுதிச்சடங்கு நடத்திப் பார்க்கும் நிகழ்ச்சிகள் உண்டு. மூன்றுக்கும் டெத் கஃபேவுக்கும் சம்பந்தம் இல்லை. இங்கே அலங்காரமும் இல்லை, நாடகமும் இல்லை. பேச்சு மட்டும்.

துக்கத்தில் இருப்பவர்களுக்கான ஆறுதல் குழுவோடும் இதைக் கலக்கக் கூடாது. அந்தக் குழுவுக்கு வருபவர் ஒருவரை இழந்திருப்பார். அவரைத் தாங்கிப் பிடிப்பதற்கு அங்கே பயிற்சி பெற்றவர் இருப்பார். டெத் கஃபேவில் அப்படி யாரும் இருக்க வேண்டிய அவசியம் இல்லை. நேற்று தந்தையைத் தகனம் செய்துவிட்டு வருபவருக்கு இது சரியான இடம் இல்லை என்று நடத்துபவர்களே சொல்லிவிடுகிறார்கள்.

ஒரு மலைப் பள்ளத்தாக்கும் ஒரு பாலாடைக்கட்டியும்

இந்த யோசனையின் வேர் சுவிட்சர்லாந்தில் இருக்கிறது. பெர்னார் க்ரெத்தாஸ் என்ற சமூகவியலாளர் 1938-இல் வலே மாநிலத்தின் அன்னிவியே பள்ளத்தாக்கில் பிறந்தவர். ஜெனிவாவின் இனவரைவியல் அருங்காட்சியகத்தில் வேலை பார்த்தார். மானிடவியலாளரான மனைவி இவோன் ப்ரைஸ்வெர்க்கோடு சேர்ந்து, சாவைப் பற்றி ஆராய ஒரு சங்கத்தை 1982-இல் தொடங்கினார். 1999-இல் மனைவி இறந்தார். சாவைப் பற்றி அத்தனை படித்தவருக்கும் அது வேறு மாதிரி பாடம்தான்.

அந்தப் பள்ளத்தாக்கின் வழக்கம் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். குடும்பங்கள் பாலாடைக்கட்டி வட்டு ஒன்றைச் சாவுக்கென்றே எடுத்து வைத்துவிடுவார்கள். ஆண்டுக்கணக்கில் அது நிலவறையில் இருக்கும், கல்லாக இறுகும். வீட்டுக்காரர் இறந்ததும் அதை வெட்டி, உள்ளூர் திராட்சை மதுவோடு, அடக்கத்துக்கு வந்தவர்களுக்குக் கொடுப்பார்கள். தன் இறுதிச்சடங்கில் ஊர் சாப்பிடப்போவதைத் தினமும் பார்த்துக்கொண்டே படியிறங்கி ஏறிய மனிதர்களின் ஊர் அது. அங்கிருந்து வந்த ஒருவருக்கு, சாவும் சாப்பாடும் ஒரே மேசையில் இருப்பதில் விசித்திரம் ஒன்றும் தெரிந்திருக்காது.

நகரத்துக்கு வந்த பிறகு அவர் பார்த்தது வேறு. சாவைச் சுற்றி ஒரு கெடுபிடியான ரகசியம் கவிந்திருப்பதாகச் சொன்னார். அதைக் கல்வி அரங்கிலிருந்து வெளியே கொண்டுவர வேண்டும், சாதாரண ஆட்கள் சாதாரண இடத்தில் பேச வேண்டும் என்று நினைத்தார். 2004-இல் நியூஷாத்தெல் நகரின் ஒரு நாடக அரங்கை ஒட்டிய உணவகத்தில் முதல் "கஃபே மோர்த்தெல்" நடந்தது. பிரெஞ்சில் அந்தப் பெயருக்கு "சாவுக் காபிக்கடை" என்று பொருள் கொள்ளலாம். பிறகு சுவிட்சர்லாந்திலும் பிரான்ஸிலும் பல ஊர்களில் நடத்தினார்.

2010-இல் பாரிஸில் நடந்த கூட்டத்தைப் பற்றி ஒரு பிரிட்டிஷ் நாளிதழ் எழுதியது. லண்டனில் அதைப் படித்தவர்களில் ஒருவர் ஜான் அண்டர்வுட். பௌத்தப் பயிற்சி உள்ளவர். நாமும் செய்து பார்க்கலாமே என்று 2011 செப்டம்பரில் கிழக்கு லண்டன் ஹாக்னியில் தன் வீட்டின் கீழ்த்தளத்தில் முதல் டெத் கஃபேவை நடத்தினார். பேச்சை வழிநடத்தியவர் அவருடைய அம்மா, உளசிகிச்சையாளரான சூ பார்ஸ்கி ரீட். சில மாதங்களில் இருவரும் சேர்ந்து, இதை எப்படி நடத்துவது என்ற கையேட்டை எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று இணையத்தில் இலவசமாகப் போட்டுவிட்டார்கள்.

இந்தக் கடைசிக் காரியம்தான் எல்லாவற்றையும் மாற்றியது என்று தோன்றுகிறது. க்ரெத்தாஸின் கூட்டங்கள் க்ரெத்தாஸ் என்ற ஆளைச் சுற்றி நடந்தன. அண்டர்வுட் ஆளை எடுத்துவிட்டு விதிகளை மட்டும் விட்டுவைத்தார். விதிகளுக்கு ஒப்புக்கொள்ளும் யாரும் பெயரைப் பயன்படுத்தலாம். 2012 கோடையில் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் லிசி மைல்ஸ் என்ற ஹாஸ்பிஸ் (சாகும் தறுவாயில் இருப்பவர்களுக்கான பராமரிப்பு) சமூகப் பணியாளர் ஒரு கூட்டம் நடத்தினார். அங்கிருந்து அந்த நாடு முழுக்கப் பரவியது. இன்று 80-க்கும் மேற்பட்ட நாடுகளில் நடந்திருக்கிறது. இந்தியப் பெருநகரங்களிலும் நடந்திருக்கிறது.

அண்டர்வுட் 2017 ஜூனில் திடீரென இறந்தார். வயது 44. கண்டறியப்படாமல் இருந்த ரத்தப் புற்றுநோயால் மூளையில் ரத்தக்கசிவு. லண்டனில் நிரந்தரமாக ஒரு டெத் கஃபே திறக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார், அது கைகூடவில்லை. அம்மாவும் சகோதரியும் பொறுப்பை எடுத்துக்கொண்டார்கள். க்ரெத்தாஸ் 2022-இல், 84 வயதில் இறந்தார்.

நான்கு விதிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம்

இந்தக் கூட்டத்தை மற்றவற்றிலிருந்து பிரித்துக் காட்டுவது அதன் விதிகள்தான். கவனித்துப் பார்த்தால், என்ன செய்யக் கூடாது என்பதையே அவை அதிகம் சொல்கின்றன.

1. லாபத்துக்கு நடத்தக் கூடாது. அறை வாடகைக்கும் காபிக்கும் பங்கு போட்டுக்கொள்ளலாம், அதற்கு மேல் இல்லை. சாவைச் சுற்றி ஒரு பெரிய சந்தை இருப்பது தெரிந்ததுதான்: காப்பீடு, மருத்துவமனை, சடங்கு, சவப்பெட்டி, பரிகாரம். பயந்த மனிதனிடம் விற்பது சுலபம். அதனால் வாசலிலேயே கதவைச் சாத்திவிடுகிறார்கள்.

2. யாரும் வரலாம், மரியாதை வேண்டும், பேசியது வெளியே போகக் கூடாது. தெரியாதவர்களிடம் பேசுவதில் ஒரு வசதி இருக்கிறது. "எனக்கு அம்மா போனபோது அழுகையே வரவில்லை, நிம்மதியாகத்தான் இருந்தது" என்று ஒருவர் சொல்ல நினைத்தால், சொந்தக்காரர்கள் மத்தியில் முடியுமா? இனி ஒருபோதும் பார்க்கப்போகாத ஐந்து பேரிடம் முடியும். ரயில் சிநேகம் மாதிரி.

3. எந்த முடிவுக்கும், எந்தப் பொருளுக்கும், எந்தச் செயலுக்கும் யாரையும் இழுத்துச் செல்லக் கூடாது. அதனால்தான் சிறப்புப் பேச்சாளர் கிடையாது, முன்கூட்டிக் குறித்த தலைப்பு கிடையாது, கடைசியில் தீர்மானமும் கிடையாது.

4. குடிக்கவும் சாப்பிடவும் இருக்க வேண்டும். கேக் என்று பெயர் சொல்லியே எழுதி வைத்திருக்கிறார்கள். வேடிக்கையாகத் தெரியும். ஆனால் கையில் ஒரு கோப்பையும் வாயில் ஒரு துண்டும் இருந்தால் மௌனம் அவ்வளவு உறுத்துவதில்லை. உடம்புக்குத் தான் உயிரோடு இருப்பது ஞாபகம் வருகிறது. அன்னிவியே பாலாடைக்கட்டி செய்த வேலையும் இதுதான்.

மூன்றாவது விதியில் கொஞ்சம் நிற்க வேண்டும். முதலில் சொன்ன கருணைக்கொலைச் சந்தேகத்துக்குப் பதில் அதில்தான் இருக்கிறது. கருணைக்கொலையை ஆதரிப்பவர் வரலாம், எதிர்ப்பவரும் வரலாம். மறுபிறப்பை நம்புபவரும், எரித்த பிறகு சாம்பல்தான் மிச்சம் என்பவரும் ஒரே மேசையில் உட்காரலாம். மற்றவரை மாற்ற முயலக் கூடாது, அவ்வளவுதான். மருத்துவர் பேசினால் சிகிச்சை பக்கம் போகும், சாமியார் பேசினால் மோட்சத்தின் பக்கம், வழக்கறிஞர் பேசினால் உயில் பக்கம் போகும். நிபுணர் வாய் திறந்த இடத்தில் மற்றவர்கள் மாணவர்களாகிவிடுவார்கள். சாவில் யாரும் நிபுணர் இல்லை என்ற எளிய உண்மையை விதியாகவே ஆக்கியிருக்கிறார்கள். மருத்துவரும் வரலாம், ஆனால் ஒரு நாள் சாகப்போகிறவராகத்தான் வர வேண்டும்.

கூட்டத்தில் என்னதான் பேசுவார்கள்?

நடத்துபவர் விதிகளைச் சொல்வார். கூட்டம் பெரிதாக இருந்தால் சிறு சிறு மேசைகளாகப் பிரிப்பார். "என்ன நினைத்து இங்கே வந்தீர்கள்?" என்ற ஒரு கேள்வி பெரும்பாலும் போதும். அதற்குப் பிறகு அவருடைய வேலை, ஒருவரே பேசிக்கொண்டு போகாமல் பார்ப்பதும், யாராவது உடைந்துபோனால் கவனிப்பதும்தான்.

தத்துவம் பேசுவார்கள் என்று எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம். பேச்சு சீக்கிரமே சில்லறை விஷயங்களுக்கு இறங்கிவிடும். எரிப்பதா, புதைப்பதா. நாய்க்கு யார் சோறு போடுவார்கள். போனின் கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது. கணவன் மனைவியில் யார் முதலில் போனால் நல்லது. வலிக்குமா. வலியைவிட, மற்றவர் கையால் மலம் கழுவிக்கொள்ள வேண்டி வருவதுதான் பயம் என்று ஒருவர் சொன்னால் பக்கத்தில் இருப்பவர் தலையை ஆட்டுவார். சிரிப்பும் நிறைய வரும்.

இந்தச் சில்லறைத்தனத்தைக் குறையாக நினைக்க வேண்டாம். "மரணம்" என்று பொதுவாகப் பேசும்போது பயம் ஒரே பெரிய உருண்டையாக இருக்கிறது. பிரித்துப் பார்த்தால் அதில் பாதி, யாரையாவது கேட்டால் பதில் கிடைத்துவிடக்கூடிய கேள்வி. மீதிப் பாதிக்குப் பதில் இல்லை. எது எந்தப் பாதி என்று தெரிவதே பெரிய விஷயம்.

இவ்வளவு நாள் இல்லாத தேவை இப்போது எப்படி வந்தது?

சாவு பழசு, கூட்டம் மட்டும் புதுசு. நடுவில் என்ன மாறியது என்பதை வரிசையாகப் பார்க்கலாம்.

1. சாவு வீட்டைவிட்டுப் போனது. 20-ஆம் நூற்றாண்டின் நடுவில் மேற்கு நாடுகளில் பெரும்பாலானோர் சாகும் இடம் மருத்துவமனை ஆனது. வீட்டில் தாத்தா மூச்சு இழுத்ததைப் பார்த்து வளர்ந்த தலைமுறை போய், ஐம்பது வயதிலும் ஒரு பிணத்தைத் தொட்டிராத தலைமுறை வந்தது. விக்டோரியா காலத்தில் பாலுறவு எப்படிப் பேசக் கூடாததாக இருந்ததோ, அப்படி இப்போது சாவு ஆகிவிட்டது என்று ஆங்கிலேய மானிடவியலாளர் ஜெஃப்ரி கோரர் 1955-இலேயே எழுதினார்.

2. சாவு ஒரு முடிவெடுக்கும் விஷயமானது. என் கணக்கில் இதுதான் முக்கியமான திருப்பம். 1952-இல் கோபன்ஹேகனில் போலியோ பரவியபோது, மூச்சுவிட முடியாத நோயாளிகளின் தொண்டையில் குழாய் வைத்து, மருத்துவ மாணவர்கள் முறை போட்டு இரவு பகலாகக் கையால் காற்றை அழுத்திக் காப்பாற்றினார்கள். அதற்கு வழி சொன்ன பியோன் இப்சென் என்ற மயக்க மருத்துவர் அடுத்த ஆண்டே தீவிர சிகிச்சைப் பிரிவு ஒன்றை அமைத்தார். இன்றைய ஐசியூவின் தொடக்கம் அது. 1960-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் மார்பை அழுத்தியே இதயத்தை மீட்கும் முறையை வெளியிட்டார்கள். அதுவரை சாவு வந்தால் வந்தது, யாரையும் கேட்டதில்லை. இதற்குப் பிறகு, வென்டிலேட்டர் வைப்பதா, எப்போது எடுப்பது என்று யாரோ ஒருவர் சொல்லியாக வேண்டிய நிலை.

3. அந்த "யாரோ ஒருவர்" பெரும்பாலும் நோயாளி இல்லை. அவர் நினைவில்லாமல் இருப்பார். ஐசியூ வாசலில் இரண்டு நாளாகத் தூங்காமல் நிற்கும் மகனோ மகளோ தாளில் கையெழுத்துப் போடுவார்கள். அப்பா என்ன விரும்பியிருப்பார் என்று கேட்டால் தெரியாது. ஏனென்றால் அந்தப் பேச்சு வீட்டில் நடந்ததே இல்லை.

4. எதிர்வினையும் வந்தது. சிசிலி சாண்டர்ஸ் 1967-இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸைத் தொடங்கினார். குணப்படுத்த முடியாத இடத்திலும் வலியைப் போக்க முடியும் என்று காட்டினார். இன்று நம் மருத்துவர்களும் சொல்லும் "பாலியேட்டிவ் கேர்", அதாவது நோய் ஆதரவுச் சிகிச்சை, அங்கிருந்து வளர்ந்தது. ஆனால் அது மருத்துவத்துக்குள் நடந்த மாற்றம். நோய் வருவதற்கு முன்னால், நல்ல உடம்போடு இருப்பவர் இதையெல்லாம் எங்கே பேசுவது? அந்த இடம் காலியாகவே இருந்தது. டெத் கஃபே வந்து உட்கார்ந்தது அங்கேதான்.

இந்தியச் சட்டத்தோடு முடிச்சு எங்கே?

டெத் கஃபேவுக்கும் சட்டத்துக்கும் நேரடி உறவு கிடையாது. மூன்றாவது விதியே அதைத் தடுக்கிறது. ஆனால் இந்தியாவில் கடந்த சில ஆண்டுகளில் சட்டம் நகர்ந்திருக்கும் திசை, அந்தப் பேச்சு நடந்திருக்கும் என்ற அனுமானத்தின் மேல்தான் நிற்கிறது.

அருணா ஷான்பாக் வழக்கு பலருக்கு நினைவிருக்கும். மும்பை கேஇஎம் மருத்துவமனைச் செவிலியர். 1973-இல் நடந்த கொடூரத் தாக்குதலுக்குப் பிறகு 42 ஆண்டுகள் நினைவு திரும்பாமல் அதே மருத்துவமனையில் இருந்து, 2015-இல் இறந்தார். அவருக்கு உணவு கொடுப்பதை நிறுத்த அனுமதிக்க வேண்டும் என்ற மனுவை 2011-இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. அவரை அத்தனை ஆண்டுகள் பார்த்துக்கொண்ட செவிலியர்கள் அவர் வாழ வேண்டும் என்றார்கள். மனுவோடு வந்த பத்திரிகையாளர் வேறு சொன்னார். இருவருக்கும் அக்கறை இருந்தது. அருணா என்ன நினைத்திருப்பார் என்பதுதான் யாருக்கும் தெரியாது.

2018 மார்ச் 9 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு அடுத்த அடியை எடுத்து வைத்தது. கண்ணியமாக இறப்பதும் வாழும் உரிமையின் பகுதி என்றது. மீள வழியில்லாத நிலை வந்தால் எனக்கு எந்தச் சிகிச்சை வேண்டாம் என்று ஒருவர் முன்கூட்டியே எழுதி வைக்கலாம் என்றது. பேச்சில் "லிவிங் வில்" என்பது இதைத்தான். சொத்து உயில் இறந்த பிறகு பேசும். இது உயிர் இருக்கும்போதே, வாய் பேச முடியாத நேரத்தில் பேசும். விஷ ஊசி போடுவது போன்ற நேரடிக் கருணைக்கொலை அன்றும் இன்றும் குற்றம்தான். அனுமதி இருப்பது, பயனில்லாத சிகிச்சையைத் தொடங்காமல் விடவும் தொடங்கியதை நிறுத்தவும் மட்டும்.

2018 நடைமுறை ரொம்பச் சிக்கலாக இருந்ததால் 2023 ஜனவரியில் நீதிமன்றமே அதை எளிதாக்கியது. இப்போதைய நிலை சுருக்கமாக:

1. மனத்தெளிவுள்ள, வயது வந்த யாரும் எழுதலாம். இரண்டு சாட்சிகள் முன்னால் கையெழுத்திட்டு, நோட்டரியிடமோ கெசட்டட் அதிகாரியிடமோ சான்று வாங்கினால் போதும். முன்பு மாஜிஸ்திரேட்டிடம் போக வேண்டியிருந்தது.

2. தன் சார்பில் முடிவு சொல்ல ஒன்றுக்கு மேற்பட்ட நெருங்கியவர்களின் பெயரைக் குறிக்கலாம்.

3. நேரம் வரும்போது மருத்துவமனையில் சிகிச்சை தரும் மருத்துவரும், ஐந்தாண்டு அனுபவமாவது உள்ள இரண்டு நிபுணர்களும் முதல் குழுவாகப் பார்ப்பார்கள். பிறகு, மாவட்டத் தலைமை மருத்துவ அதிகாரி நியமிக்கும் மருத்துவரும் இடம்பெறும் இரண்டாவது குழு பார்க்கும். இரண்டும் கூடியவரை 48 மணி நேரத்தில் கருத்துச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது புள்ளியைத் திரும்பப் படியுங்கள். காகிதத்தில் பெயர் எழுதுவது ஐந்து நிமிட வேலை. அந்தப் பெயருக்கு உரியவரிடம், "குழாய் வேண்டாம் என்று நான் எழுதியிருக்கிறேன், ஏன் எழுதினேன் தெரியுமா?" என்று உட்கார்ந்து பேசியிருந்தால்தான் அன்று அவர் உறுதியாக நிற்பார். இல்லையென்றால் வெளியூரிலிருந்து வந்து இறங்கும் ஒரு சித்தப்பா, "ஏன் இப்படிக் கைகழுவுறீங்க?" என்று கேட்கும் ஒற்றைக் கேள்வியில் தாள் கிழிந்துபோகும்.

உறுப்பு தானமும் அப்படித்தான். அட்டையில் கையெழுத்துப் போட்டிருந்தாலும், நடைமுறையில் குடும்பத்தின் சம்மதம் கேட்காமல் உறுப்பை எடுப்பதில்லை. உடல் தானம் எழுதிக் கொடுத்திருந்தாலும் உடலை ஒப்படைக்க வேண்டியது வீட்டார்தான். எந்தப் பக்கம் போனாலும், கடைசிக் கையெழுத்து பேசப்படாத ஒரு பேச்சின் மேல் விழுகிறது.

நமக்கு இது அந்நியமா?

"நமக்குச் சாவைப் பேச வெள்ளைக்காரன் சொல்லித்தர வேண்டுமா?" என்ற கேள்வி வரும். பாதி சரி. தமிழ்நாட்டில் சாவு ஒளிந்துகொண்டு நடப்பதில்லை. தெருவை அடைத்துப் பந்தல், பறை, ஒப்பாரி, சுவரொட்டி, கண்ணீர் அஞ்சலி விளம்பரம், எட்டு, பதினாறு, திதி. நிலையாமையைப் பாடாத பழைய புலவர் அபூர்வம். குழந்தைகளும் பிணத்தைச் சுற்றித்தான் ஓடுகின்றன.

ஆனால் இவை எல்லாம் சாவு நடந்த பிறகு. முன்னால்? வீட்டில் பெரியவர் ஒருவர், "நான் போன பிறகு..." என்று வாயெடுத்தால் போதும், "விளக்கு வச்ச நேரத்துல என்ன பேச்சு இது?" என்று அடைத்துவிடுவோம். புற்றுநோய் என்று நோயாளியிடமே சொல்லாமல் மறைத்து, அவரும் தெரியாத மாதிரி நடித்து, இரண்டு பக்கமும் கடைசி வரை நாடகம் ஆடுவது நம் வீடுகளில் சாதாரணம். சொற்களைப் பாருங்கள்: தவறிட்டார், காலமானார், இறைவனடி சேர்ந்தார், இயற்கை எய்தினார், போய்ச் சேர்ந்துட்டார். இறந்தவருக்கு இத்தனை சொல் இருக்கிறது. செத்துக்கொண்டிருப்பவரிடம் பேச ஒரு சொல் இல்லை. "ஒண்ணும் ஆகாது, தைரியமா இருங்க" என்பதோடு சரக்கு தீர்ந்துவிடுகிறது.

பக்கத்து மாநிலத்தில் வேறு பாதை ஒன்று போட்டார்கள். கோழிக்கோட்டில் 1993-இல் சில மருத்துவர்கள் தொடங்கிய வலி நிவாரண அமைப்பு, சில ஆண்டுகளில் அக்கம்பக்கத்து ஆட்களையே பழக்கி, படுக்கையில் இருப்பவர்களின் வீட்டுக்கு அனுப்பத் தொடங்கியது. 2008-இல் கேரள அரசு இதற்கென்றே கொள்கை வகுத்தது. அங்கே சாவைப் பேச யாரும் தனியாகக் கூட்டம் போடவில்லை. தெருக்காரர் ஒருவர் வாரம் ஒருமுறை வந்து படுக்கைப்புண்ணைத் துடைக்கும்போது பேச்சு தானாக வருகிறது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலும் வீட்டுக்கே போய்ச் செய்யும் நோய் ஆதரவுச் சிகிச்சை உண்டு. கேரள வழியா, காபி மேசை வழியா என்று கேட்டால், நம் ஊருக்கு முன்னதுதான் பொருந்தும் என்பது என் எண்ணம். கையில் வேலை இருந்தால்தான் நமக்கு வாய் வரும்.

குறைகள்

டெத் கஃபேவைக் கொண்டாடுபவர்கள் அடக்கி வாசிக்கும் சில விஷயங்கள் உண்டு.

யார் வருகிறார்கள் என்பது முதல் குறை. மேற்கு நாடுகளில் படித்த, நடுத்தர வர்க்கத்து வெள்ளையினப் பெண்களே அதிகம் வருகிறார்கள் என்ற விமர்சனம் தொடக்கத்திலிருந்தே இருக்கிறது. செவிலியர், ஹாஸ்பிஸ் தன்னார்வலர் என்று சாவோடு ஏற்கெனவே பழகியவர்கள் நிறைய. பேசவே பயப்படுபவர் பெயரைப் பார்த்ததுமே திரும்பிவிடுவார். பேசத் தெரிந்தவர்கள் பேசத் தெரிந்தவர்களோடு பேசுகிறார்கள்.

இரண்டாவது, பாதுகாப்பு. தற்கொலை எண்ணத்தில் இருக்கும் ஒருவர் வந்து உட்கார்ந்தால்? விதிப்படி இது சிகிச்சை இடம் இல்லை. ஆனால் வந்தவர் விதியைப் படித்துவிட்டா வருகிறார்? நல்ல நடத்துபவர் உதவி எண்களைக் கையில் வைத்திருப்பார், ஒதுக்குப்புறமாகக் கூப்பிட்டுப் பேசுவார். எல்லோரும் நல்ல நடத்துபவர்கள் இல்லை. கையேட்டைத் தரவிறக்கிய யாரும் நடத்தலாம் என்ற சுதந்திரத்தின் விலை இது.

பலன் என்ன என்று அளப்பதும் கஷ்டம். எந்த முடிவுக்கும் கொண்டுபோகக் கூடாது என்று விதி வைத்துவிட்டு, எத்தனை பேர் லிவிங் வில் எழுதினார்கள் என்று கணக்குக் கேட்க முடியாது.

2020-இல் கோவிட் வந்தபோது கூட்டங்கள் ஜூமுக்கு மாறின. சாவு எண்ணிக்கை தினமும் தொலைக்காட்சியில் ஓடிய காலத்தில் அதற்குத் தேவை இருந்தது. ஆனால் திரையில் கேக்கை நீட்ட முடியாது. நான்காவது விதி அங்கே வெறும் சம்பிரதாயமாகிவிட்டது.

இங்கே நடத்த நினைப்பவர்களுக்கு

கையேடு எளிது. இருந்தாலும் நம் ஊருக்குச் சில மாற்றங்கள் தேவைப்படும்.

1. கேக்கை வற்புறுத்த வேண்டாம். இங்கே கேக் என்றால் பிறந்தநாள். வடை, சுண்டல், டீ போதும். விதியின் நோக்கம் நிறைவேறிவிடும்.

2. ஒரே குடும்பத்து ஆட்களை ஒரே மேசையில் உட்கார வைக்காமல் இருப்பது நல்லது. மாமியார் இருக்கும் மேசையில் மருமகள் என்ன பேசுவார்?

3. வெள்ளி, அமாவாசை, நல்ல நாள் ஆகியவற்றைத் தவிர்த்துத் தேதி வையுங்கள். மூடநம்பிக்கையோடு சண்டை போடும் கூட்டம் இது இல்லை, அதற்கு வேறு மேடை இருக்கிறது.

4. சமீபத்தில் வீட்டில் துக்கம் நடந்தவர் வந்தால் வாசலிலேயே தனியாகப் பேசி, இன்று உட்கார முடியுமா என்று அவரையே கேளுங்கள்.

5. அறிவிப்பில் "சாவு" அல்லது "மரணம்" என்ற சொல் வெளிப்படையாக இருக்க வேண்டும். "வாழ்வியல் கலந்துரையாடல்" என்று மூடி மறைத்து ஆள் சேர்த்தால், விஷயம் தெரிந்ததும் பாதிப் பேர் செருப்பைத் தேடுவார்கள்.